நின்றே கெடும் வண்டி: பழைய மடக்கு பைக் டிரெய்லரை வாங்குவதும் பேணுவதும்

மடக்கு டிரெய்லரை விற்கிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ரொம்ப ஓடவே இல்லைங்க, சும்மா நின்னுட்டுதான் இருந்துச்சு." அது உண்மையாகவும் இருக்கும். வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் பைக்கை ஏற்றிப் போகிறவர்தான் இடம் அடைக்காத டிரெய்லரைத் தேடி வாங்குகிறார். ஆனால் வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி அல்ல. தினம் ஓடுகிற டிரெய்லரில் தேய்மானம் கண்ணில் படும். நிற்கிற டிரெய்லரில் டயர் காய்ந்து வெடிக்கிறது, பேரிங்குக்குள் துரு கோடு போடுகிறது, குழாய்க்குள் தண்ணீர் தேங்குகிறது, வயருக்குள் செம்பு பச்சை பூக்கிறது. இதில் எதுவும் பெயின்ட்டைத் தாண்டி வெளியே வராது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை விட, எங்கே, எந்த நிலையில் நின்றது என்று கேளுங்கள்: கூரைக்கு அடியிலா வெட்டவெளியிலா, படுத்த நிலையிலா செங்குத்தாகவா.

வகையும் எடைக் கணக்கும்

சந்தையில் கிடைப்பவை மூன்று விதம். முதலாவது, நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிந்து, சிறு உருளைச் சக்கரங்களின் மேல் நிற்பது. இரண்டாவது, காரோடு இணையும் முன்தண்டை மட்டும் மடக்கிவிட்டு முழு டிரெய்லரையும் பின்பக்கம் ஊன்றி நிமிர்த்துவது. பைக்குக்கென்றே செய்தவற்றில் இது அதிகம். மூன்றாவது, போல்ட்டுகளைக் கழற்றித் துண்டு துண்டாக எடுத்து வைப்பது. மூன்றாவது வகையைக் கழற்றி மாட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். அதனால் வாங்கியவர்கள் மெல்ல மெல்ல அதை மடக்குவதையே விட்டுவிடுகிறார்கள். அதே கதி உங்களுக்கும் நேரும் என்று நினைத்துக்கொண்டே வாங்குங்கள்.

டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை வரம்பு பொறித்திருக்கும். அது பைக்கின் எடை வரம்பு அல்ல. டிரெய்லரின் சொந்த எடையும் அதில் அடக்கம். 540 கிலோ என்று தகடு சொல்கிறது, டிரெய்லர் 150 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 390 கிலோ. பெரிய டூரிங் பைக் ஒன்று 350 முதல் 400 கிலோ வரை வரும். ரேம்ப், முன்சக்கர முட்டு, பெல்ட்டுகள், உதிரிச் சக்கரம், பைக்கின் பெட்டிக்குள் மறந்துபோன சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். 110 கிலோ மண்சாலை பைக் இரண்டு என்றால் அதே டிரெய்லர் சிரித்துக்கொண்டே தாங்கும். தகடு இல்லாவிட்டால், ஆக்சில், டயர், கப்ளர் (முன்தண்டின் நுனியில் காரோடு இணையும் பூட்டு) மூன்றிலும் பொறித்திருக்கும் வரம்புகளைப் பாருங்கள். அவற்றில் மிகக் குறைவானதுதான் டிரெய்லரின் வரம்பு.

சக்கரத்தின் அளவும் வாங்கும் முடிவில் சேரவேண்டியது. 4.80-8 டயரின் (8 அங்குல ரிம்முக்கானது) வெளிவிட்டம் சுமார் 41 செ.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதே வேகத்தில் 65 செ.மீ. கார் டயர் சுமார் 650 சுற்றுதான். கூடுதலாகச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் பேரிங்கின் சூடு. பக்கத்து ஊர்ப் பந்தயத் திடலுக்குப் போய் வர 8 அங்குலம் போதும். நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போவதாக இருந்தால் 12 அங்குலத்துக்குக் குறையாமல் தேடுங்கள்.

முதலில் மூட்டுகள்

பெயின்ட், விளக்கு, டயர் எல்லாம் பிறகு. மடக்கு டிரெய்லரையும் சாதாரண டிரெய்லரையும் வேறுபடுத்துவது மூட்டுகள்தான்; செலவும் ஆபத்தும் அங்கேதான் குடியிருக்கின்றன. விற்பவரையே ஒருமுறை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு விரிக்கச் சொல்லுங்கள். சுத்தியல் இல்லாமல் பூட்டு முளை தன் துளைக்குள் இறங்கவேண்டும். காலால் உதைத்தோ, சட்டத்தை நெம்பியோ இறக்கினால், சட்டம் முறுகியிருக்கிறது அல்லது கீல் தேய்ந்து துளைகள் நேர்கோட்டில் இல்லை.

விரித்துப் பூட்டியபின் ஒருவர் முன்தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டட்டும். மற்றவர் மூட்டின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். விரலுக்குத் தட்டுகிற ஆட்டம் இருந்தால் முளையைக் கழற்றிப் பாருங்கள். வெர்னியர் அளவுகோலால் முளையை இரண்டு இடத்தில் அளக்கவேண்டும்: தேயாத நுனியில் ஒன்று, தகடு உராயும் இடத்தில் ஒன்று. வித்தியாசம் அரை மி.மீ. தாண்டினால் முளை மாற்றவேண்டியது. முளை மலிவு. தகட்டில் உள்ள துளை முட்டை வடிவமாகியிருந்தால்தான் தலைவலி. துளையைப் பெரிதாக்கிப் புஷ் என்ற உள்வளையம் இறக்கலாம், அல்லது அடுத்த அளவு முளைக்குத் துளைக்கலாம். எப்படியானாலும் துளையைச் சுற்றிப் போதிய தகடு மிஞ்சவேண்டும். துளையின் ஓரத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை முளையின் விட்டம் அளவுக்காவது இரும்பு இல்லையென்றால் புதுத் தகடு வெட்டிப் பற்றவைப்பதே சரி.

இந்த மூட்டுகளில் அடிக்கடி காணும் தவறு ஒன்று உண்டு. தொலைந்த முளைக்குப் பதிலாகக் கையில் கிடைத்த, தலைவரை மரை வெட்டிய போல்ட்டை மாட்டியிருப்பார்கள். மரை, துளைக்குள் ரம்பம் போல வேலை செய்யும். சில மாதங்களில் துளை நீண்டுவிடும். இங்கே வரவேண்டியது மரையில்லாத தண்டு உள்ள 8.8 தரப் போல்ட். தண்டின் வழவழப்பான பகுதி எல்லாத் தகடுகளையும் கடந்து வெளியே வரவேண்டும், மரை அதற்கு அப்பால்தான் தொடங்கவேண்டும். மேலே நைலாக் நட், அதாவது உள்ளே உள்ள நைலான் வளையம் மரையைப் பிடித்துக்கொள்ளும் நட். கீல் மடங்க வேண்டிய இடம் என்பதால் இழுத்து முறுக்கக்கூடாது. ஆட்டம் போய், கையால் மடக்க முடிகிற அளவில் நிறுத்துங்கள். நைலாக் நட்டைக் கையாலேயே சுற்ற முடிந்தால் அதன் பிடி போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்.

சட்டம், விரிசல், துரு

விரிசல் வரும் இடங்கள் எல்லா டிரெய்லரிலும் ஒன்றே: முன்தண்டு முதல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடம், ஆக்சிலோ ஸ்பிரிங்கோ மாட்டும் கொக்கித் தகடுகள், கீல் தகடுகளைப் பற்றவைத்த ஓரங்கள். பற்றவைப்பின் ஓரத்தில், அதாவது வெல்டிங் முடிந்து வெறும் இரும்பு தொடங்கும் கோட்டில் பாருங்கள். பெயின்ட்டைக் கீறிக்கொண்டு மெல்லிய துருக்கோடு ஒன்று தெரிந்தால் அது விரிசல் என்றே கொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளையின் மேல் கோடாக ஊறி வரும். பழைய முறைதான், இன்னும் வேலை செய்கிறது.

டிரெய்லர் முழுவதும் பழுப்பேறியிருக்க, ஓரிடத்தில் மட்டும் பளபளவென்று புது பெயின்ட் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

செங்குத்தாக நிறுத்தி வைத்த டிரெய்லரில் தண்ணீர் கீழே இறங்கி, பின்பக்கக் குறுக்குக் குழாய்க்குள் சேரும். அடைத்த குழாயானால் வெளியேற வழியில்லை. வெளியே கருப்பு பெயின்ட் அப்படியே இருக்க, உள்ளே இரும்பு தாள் போல ஆகியிருக்கும். சிறிய சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை மந்தமாக மாறும் இடத்தில் நின்று, கூரான உளியால் அழுத்திப் பாருங்கள். வாங்கியபின் செய்யவேண்டியது: நிற்கும் நிலையில் எது கீழ்ப்புறமோ அங்கே, குழாயின் நடுவில் 6 மி.மீ. துளை ஒன்று, பிறகு உள்ளே மெழுகுத் தைலம் பீய்ச்சுவது. துளையைச் சட்டத்தின் விளிம்பிலோ பற்றவைப்பின் பக்கத்திலோ போடாதீர்கள். விரிசலுக்கு அதுவே வாசலாகிவிடும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அளவு நாடா போதும். கப்ளரின் நடுவிலிருந்து இரு பக்க ஹப்பின் (சக்கரத்தின் குடம்) நடுவுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 3 மி.மீ. வரை வித்தியாசம் பரவாயில்லை. 10 மி.மீ. இருந்தால் டிரெய்லர் காருக்குப் பின்னால் நாய் ஓடுவது போலச் சாய்ந்தே ஓடும், டயரை ஒரு பக்கமாகத் தின்னும்.

சஸ்பென்ஷன்

பட்டை ஸ்பிரிங் என்றால் எளிது. பட்டைகளுக்கு நடுவே உடைவு, கண்ணிகளில் ஆட்டம், யூ போல்ட் தளர்வு இவற்றைப் பாருங்கள். எல்லாம் மாற்றக் கிடைப்பவை. டார்ஷன் ஆக்சில் வேறு ஜாதி. சதுரக் குழாய்க்குள் ரப்பர் வடங்கள் இறுக்கப்பட்டு, அவைதான் ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன. ரப்பர் இறுகிப்போனாலோ தளர்ந்துபோனாலோ பழுது பார்க்க வழியில்லை, முழு ஆக்சிலையே மாற்றவேண்டும். சமதரையில் வெறும் டிரெய்லரை நிறுத்தி, இரு பக்க ஆக்சில் கைகளும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒருவர் சட்டத்தின் மேல் ஏறிக் குதித்தால் கை அசைந்து திரும்ப வரவேண்டும். அசையவே இல்லையென்றால் ரப்பர் கட்டையாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். இந்தக் குழாயின் அருகே யாராவது வெல்டிங் செய்த தடம் இருந்தாலும் அதே முடிவுதான். சூட்டில் உள்ளிருக்கும் ரப்பர் வெந்திருக்கும்.

டயர்: தேய்மானம் அல்ல, வயது

பக்கச் சுவரில் டிஓடி (DOT) எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3119 என்றால் 2019ஆம் ஆண்டின் 31வது வாரம். ஆறு வருடம் கடந்த டயர் புதிது போல மின்னினாலும் மாற்றவேண்டியதே. பேரம் பேசும்போதே இரண்டு டயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

சிறிய டிரெய்லர் டயர்களுக்குக் கார் டயர் காற்றழுத்தம் போதாது. 4.80-8 அளவில் சுமைத் தரம் பி உள்ள டயர் 60 பிஎஸ்ஐ கேட்கும், சி தரம் 90 பிஎஸ்ஐ கேட்கும். கார் வழக்கப்படி 32 அடித்துவிட்டுப் போனால் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி, சூடேறி, டயர் கிழியும். நடுவழியில் வெடிக்கும் சின்ன டயர்களில் பலவற்றுக்குக் காரணம் காற்றுக் குறைவுதான், ஆணி அல்ல. சுவரில் பொறித்த அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். வால்வு ரப்பரையும் டயரோடு சேர்த்து மாற்றுங்கள். 90 பிஎஸ்ஐ அடிக்கும் சக்கரத்துக்கு உயரழுத்த வால்வு வேண்டும், சாதாரண ரப்பர் வால்வு அல்ல.

கப்ளரும் பாலும்

காரின் பின்னால் இருக்கும், கப்ளர் கவ்வும் இரும்பு உருண்டைதான் பால். அதன் அளவுகளில் புழங்குபவை: 1⅞ அங்குலம், அதாவது 47.6 மி.மீ.; 50 மி.மீ.; 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. மூன்றும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். 2 அங்குலக் கப்ளரை 47.6 மி.மீ. பாலின் மேல் வைத்தால் தாழ்ப்பாள் சாவதானமாக மூடிக்கொள்ளும், முதல் மேட்டில் கழன்று எகிறும். 50க்கும் 50.8க்கும் உள்ள வித்தியாசமும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல: பெரிய பால் சிறிய கப்ளரில் முழுதாக உட்காராது, சிறிய பால் பெரிய கப்ளரில் கடகடக்கும். கப்ளரில் எழுதியிருப்பதையும் பாலின் தலையில் பொறித்திருப்பதையும் படித்துவிட்டு மாட்டுங்கள். 50 மி.மீ. பால் தேய்ந்து எங்காவது 49 மி.மீ. ஆகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

மாட்டியபின் ஒரு சோதனை: முன்தண்டுக்கு அடியில் ஜாக் கொடுத்துத் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது. பால் கப்ளரை விட்டு நழுவினால் கப்ளரின் அடியில் உள்ள சரிசெய்யும் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போகவேண்டும். கப்ளர் கழன்றால் தண்டு அந்தத் தொட்டிலில் விழும், சாலையில் குத்தாது.

பேரிங்: வாங்கியதும் கழற்றவேண்டியது

விற்பவர் "போன வருஷம்தான் கிரீஸ் போட்டேன்" என்றாலும் கழற்றுங்கள். நின்றுகொண்டே இருந்த பேரிங்கில் ஈரம் உருளைகள் தொடும் இடங்களில் தங்கி, உருளைகள் ஓடும் வளையமான ரேஸின் மேல் உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாகத் துரு பொறிக்கும். கையால் சுற்றும்போது மென்மையாகவே இருக்கும். ஓட்டத்தில் அந்தக் கோடுகள் உருளைகளைத் தின்றுவிடும். கழற்றாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

1. சக்கரத்தை ஜாக் மேல் தூக்கி, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டி, எவ்வளவு ஆட்டம் என்று நினைவில் கொள்ளுங்கள்.
2. ஹப் மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவி, பிளவுகள் உள்ள கோட்டை நட்டையும் வாஷரையும் எடுங்கள். ஹப்பை இழுத்தால் வெளிப் பேரிங் கையில் வந்து விழும்.
3. கிரீஸை வெளியே விடாத உள்பக்க ரப்பர் சீலை நெம்பி எடுத்துக் குப்பையில் போடுங்கள். கழற்றிய சீலை மறுபடி மாட்டுவது சிக்கனமல்ல.
4. பேரிங்கையும் ஹப்பின் உட்புறத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழற்றக்கூடாது. எண்ணெய் இல்லாத உருளை கூண்டை உடைத்துக்கொண்டு பறக்கும்.
5. ரேஸில் கோடு, குழி, நீலம் பாய்ந்த நிறம் ஏதாவது தெரிந்தால் பேரிங்கையும் ரேஸையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ரேஸில் புதுப் பேரிங் ஓடாது. எண் பேரிங்கின் முகத்தில் பொறித்திருக்கும். சிறு டிரெய்லர்களில் அதிகம் வருபவை 1 அங்குல ஸ்பிண்டிலுக்கு (ஹப் மாட்டும் ஆக்சில் நுனி) எல் 44643, 1 1/16 அங்குலத்துக்கு எல் 44649. இரண்டுக்கும் ரேஸ் ஒன்றுதான், எல் 44610. ஹப்பைப் பார்த்து அளவு ஊகித்தால் இங்கேதான் ஏமாறுவீர்கள், ஸ்பிண்டிலை வெர்னியரால் அளங்கள்.
6. உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதன் மேல் அழுத்தி இழுங்கள். மேல் பக்கத்து உருளைகளின் நடுவே கிரீஸ் பிதுங்கி வரும் வரை சுற்றிச் சுற்றிச் செய்யுங்கள். லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2ஆம் எண் அடர்த்தி பொருந்தும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாதபோது முழுதாகக் கழுவிவிடுவதே வழி. லித்தியமும் பாலியூரியாவும் கலந்தால் பெரும்பாலும் நீர்த்து ஒழுகும்.
7. உள் பேரிங், புதுச் சீல், ஹப், வெளிப் பேரிங், வாஷர், நட் என்ற வரிசையில் மாட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 65 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி எல்லாம் இருக்கையில் உட்காரச் செய்யுங்கள். பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் போகும் துளை பொருந்தாவிட்டால் தளர்த்தும் பக்கம் அடுத்த துளைக்குப் போங்கள், இறுக்கும் பக்கம் அல்ல. புது ஸ்பிளிட் பின் போட்டு மடியுங்கள்.

சரியாக வைத்த பேரிங்கில் மிக மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், 0.03 முதல் 0.25 மி.மீ. வரை. அதைத் தவறு என்று நினைத்து இறுக்கினவர்களின் பேரிங்தான் முதலில் எரிகிறது.

கிரீஸ் நிப்பிள் வைத்த ஹப் இருந்தால் இந்த வேலை தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. துப்பாக்கியால் அதிகம் அழுத்தினால் பின்சீல் பிதுங்கி, கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுக்க அப்பிவிடும். அழுத்தாவிட்டால் புதுக் கிரீஸ் உள் பேரிங் வரை போய்ச் சேராத ஹப்புகளும் உண்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கலாம்; ஆண்டுக்கொரு முறை அல்லது 20,000 கி.மீ.க்கு ஒரு முறை, எது முதலோ, அப்போது கழற்றத்தான் வேண்டும்.

சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு 120 முதல் 160 நியூட்டன் மீட்டர். பிறகு 15, 40, 80 கி.மீ. முடிவுகளில் மறுபடி சரிபாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம்மில் பெயின்ட் அமுங்கி நட் தளர்வது வழக்கம்.

விளக்குகள்: எர்த்தைப் பிடி

டிரெய்லர் விளக்குப் பிரச்சினையில் பெரும்பகுதி எர்த் பிரச்சினை. பிரேக் அழுத்தினால் டெயில் லைட் மங்குகிறது, இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து மினுக்குகிறது, மேடு பள்ளத்தில் மட்டும் எரிகிறது: இவை எல்லாம் எர்த் இல்லாமல் மின்சாரம் வேறு பல்பின் வழியாகத் திரும்ப வழி தேடுவதன் அறிகுறி. காரின் பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றை இழுத்து விளக்கின் எர்த்தில் தொடுங்கள். உடனே சரியானால் பல்பை மாற்றிப் பயனில்லை.

மடக்கு டிரெய்லரில் எர்த்தைச் சட்டத்தின் வழியாக விடுவது தொடக்கத்திலேயே தவறு. கீலுக்குள் பெயின்ட், கிரீஸ், துரு எல்லாம் இருக்கின்றன. அது மின்கம்பி அல்ல. பிளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்கு வரையிலும் தனி எர்த் வயர் ஓட்டுங்கள். தட்டையான 4 முனை பிளக்கில் நிறங்கள்: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். ஐரோப்பிய வட்டமான 7 முனை 12 என் பிளக்கில் 3ஆம் முனை எர்த், 6ஆம் முனை பிரேக், 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர். முன்னதில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயர், பின்னதில் தனித்தனி. ஆகவே ஒன்றை மற்றதோடு இணைக்க வெறும் அடாப்டர் போதாது, கன்வெர்ட்டர் வேண்டும்.

கீலைக் கடக்கும் இடத்தில் வயர் தளர்ந்து வளைந்து நிற்கவேண்டும். டிரெய்லரை முழுதாக மடக்கியும் விரித்தும் இரண்டு நிலையிலும் வயர் இழுபடாமலும் கீலுக்குள் நசுங்காமலும் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் கிளிப் அடிக்கவேண்டும். மெல்லிய பல இழை வயராக இருக்கட்டும். கெட்டியான இழை சில டஜன் மடக்கலுக்குப் பின் உள்ளேயே முறியும். மேல் உறை மட்டும் முழுசாக நின்று ஏமாற்றும்.

முன்பாரம், பைக்கைக் கட்டுவது

மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்பார். இங்கும் கணக்கு அதேதான். பாலின் மேல் இறங்கும் எடை மொத்த எடையில் 10 விழுக்காடு அளவுக்கு இருக்கட்டும். 500 கிலோவுக்கு 50 கிலோ. காரின் கையேடு அதற்குக் குறைவான வரம்பைச் சொன்னால் அந்த வரம்பே முடிவு. பின்பாரமானால் டிரெய்லர் ஒரு வேகத்தில் பாம்பு போல ஆடத் தொடங்கும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறைக்கவேண்டும்.

அளப்பது எளிது. பைக்கை ஏற்றிக் கட்டியபின், வீட்டு எடை மிஷினின் மேல் கட்டை ஒன்றை நிறுத்தி, கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். காரில் மாட்டும் உயரத்திலேயே கப்ளர் இருக்கும்படி கட்டையின் நீளத்தை வையுங்கள், கட்டையின் எடையைக் கழியுங்கள். குறைவாக இருந்தால் முன்சக்கர முட்டை முன்னே நகர்த்துங்கள், 5 செ.மீ. கூட வித்தியாசம் காட்டும். சரியான இடம் கிடைத்ததும் சட்டத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்த முறை மிஷின் தேவையில்லை. மாட்டிய டிரெய்லர் சமமாக நிற்கவேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் பின்பாரத்தின் ஆட்டம் வரும்.

பைக்குக்கு நான்கு ராட்செட் பெல்ட்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் பெல்ட்டுகளை ஹேண்டில்பார் நுனியில் மாட்டாதீர்கள், பார் வளையும். ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் கிளாம்பில் மெத்தென்ற வளையம் போட்டு அதில் கொக்கியைக் கோத்து, முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் இழுங்கள். ஃபோர்க் அதன் ஓட்டத்தில் பாதி வரை அமுங்கினால் போதும். முழுதாக அமுக்கினால் சீல் போகும்; மேட்டில் மேலும் அமுங்க இடமில்லாததால் அதிர்ச்சி முழுவதும் பெல்ட்டுக்குத்தான் போகும். சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கட்டவேண்டும். பெல்ட்டின் மறுமுனையை மடங்கும் தகட்டிலோ ரேம்ப்பின் காதிலோ மாட்டாமல், முதன்மைச் சட்டத்தின் வளையத்தில் மாட்டுங்கள். பெல்ட்டில் இரண்டு எடை எழுதியிருக்கலாம். பெரிய எண் அறுந்துபோகும் எடை, வேலைக்கு உரியது சின்ன எண், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். அதே நிறுத்தத்தில் ஹப்பின் மேல் கை வையுங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள்.

ரேம்ப்பின் நுனியைச் சட்டத்தோடு சிறு பெல்ட்டால் கட்டாமல் பைக்கை ஏற்றவேண்டாம். பின்சக்கரம் ரேம்ப்பைப் பின்னால் உதைத்துத் தள்ளுவதால்தான் ஏற்றும்போது பைக்குகள் விழுகின்றன.

வாங்கும் நாளில் கையோடு

அளவு நாடா, வெர்னியர், டார்ச், சுத்தியல், 12 வோல்ட் சோதனை விளக்கு, காற்றழுத்த மானி, பம்ப், சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், சிறு ஜாக். கார் ஜாக் பல சமயம் இந்தத் தாழ்ந்த சட்டத்துக்குள் நுழையாது, அதனால் தட்டையான ஒன்று. சட்டத்தில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒத்திருக்கவேண்டும். எண் இருக்கவேண்டிய இடத்தில் அரைத்த தடமோ, ஆணி புதிதாக அடித்த தகடோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பதிவு, காப்பீடு, பிரேக் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்த எடை 750 கிலோ வரையிலான டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. பேரிங் பார்க்காத டிரெய்லரை முதல் நாள் வெறுமையாக, மெதுவாக, ஹப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் மடக்கிப் பெரிய வண்டி ஒன்றில் ஏற்றி வருவது இன்னும் மேல்.

நிறுத்தி வைக்கும்போது

மடக்குவதற்கு முன் கழுவி, இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்த நிலையிலேயே உலர விடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். கீல் முளைகளை உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மணல் ஒட்டிய கிரீஸ் உப்புத்தாளாக மாறும் என்பதால் பழையதன் மேல் புதிதைப் பூசவேண்டாம். எண்ணெய் நிரப்பிய ஹப் உள்ள டிரெய்லரைச் செங்குத்தாக நிறுத்துவதற்கு முன், அது ஒழுகாத அமைப்புத்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நிமிர்த்துவதும் இறக்குவதும் இருவர் வேலை. கீலுக்குள் விரல் போகும் இடங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்தால், உதவிக்கு வருகிறவர் கையை எங்கே வைக்கக்கூடாது என்று கேட்கவேண்டியதில்லை. அடியில் உள்ள உருளைச் சக்கரங்கள் வழவழப்பான தரைக்கானவை. ஜல்லியில் இழுத்தால் அவற்றின் தண்டு வளையும், வளைந்த தண்டில் 150 கிலோ நிற்காது. நிறுத்திய உடனே மேல்பகுதியைச் சுவரில் பதித்த வளையத்தோடு சங்கிலியால் கட்டுங்கள், குழந்தைகள் ஏணி என்று நினைத்து ஏறுவார்கள். பூட்டும் அதே சங்கிலியில் மாட்டினால் திருட்டுக்கும் ஆயிற்று. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சக்கரத்தையும் கையால் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, முன்பு நின்ற நிலைக்கு வராமல் வேறொரு நிலையில் நிறுத்துங்கள். வால்வின் இடத்தைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.